கார்பனை எரித்தவரின் மகள்: மஞ்சக்குப்பத்தில் ஒரு டைப்பிங் கடை

கடலூர் மஞ்சக்குப்பத்தில், மனு அடிக்கவும் பத்திரம் வாங்கவும் ஜனங்கள் நடந்து நடந்து தேய்ந்த தெரு ஒன்றில் அந்த டைப்பிங் கடை இருக்கிறது. பத்துக்கு எட்டு அடி இருக்கும். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், கடகடவென்று சத்தம் போடும் ஒரு ஃபேன், வருகிறவர் உட்கார ஒரே ஒரு ஸ்டூல். நடத்துகிறவரை எல்லோரும் டைப்பிங் அக்கா என்பார்கள். என்னைவிட எட்டு வயது சின்னவர். ஆனாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன்.

கடைப் பெயரைப் போட்டு நல்லதாக நாலு வார்த்தை எழுதட்டுமா என்று போன மாதம் கேட்டேன். "எழுதுங்க மேடம். பேரு மட்டும் வேணாம். எதுக்கு எழுதினாங்கன்னு யாராவது கேட்டுக்கிட்டு வருவாங்க" என்றார். அதனால் பெயர் இல்லாமல் எழுதுகிறேன். அடையாளம் வேண்டுமென்றால், மானிட்டருக்குப் பின்பக்கம் பழைய தினசரிக் காலண்டர் அட்டை ஒன்றை நூல் போட்டுத் தொங்கவிட்டிருப்பார். வாசலில் நிற்பவர் கண்ணுக்குத் திரை தெரியாமல் இருக்க அந்த அட்டை. கடலூரில் எனக்குத் தெரிந்து வேறு எந்தக் கடையிலும் அதைப் பார்த்ததில்லை.

என் வாழ்க்கையிலேயே ஆபத்தான இரண்டு பக்கங்களை அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் அடித்து வாங்கினேன். அதைச் சொல்லாமல் இந்தக் கடையைப் பற்றிச் சொல்ல முடியாது.

நான் ஒரு அரசுடைமை வங்கியில் 34 வருடம் வேலை பார்த்தேன். கடைசி ஆறு வருடம் தலைமைக் காசாளர். 2023-ல் ஓய்வு பெற்றேன். எந்த வங்கி, எந்தக் கிளை என்று சொல்லப் போவதில்லை. நகைக்கடன் அதிகம் போகும் ஒரு கிளை, அது போதும்.

நகைக்கடனில் உள்ளே என்ன நடக்கும் என்பது பலருக்குத் தெரியாது. நகையை மதிப்பிடுகிற அப்ரைசர் வங்கி ஊழியர் இல்லை, கமிஷனுக்கு வேலை பார்ப்பவர். உரைகல்லில் உரசி, ஆசிட் விட்டுப் பார்த்து, எடை போட்டு, கல்லையும் அழுக்கையும் கழித்து, இவ்வளவு தேறும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அப்போது அந்த மதிப்பில் பொதுவாக 75 சதவீதம் வரைதான் கடன் கொடுப்போம். நகையைப் பையில் போட்டு, சீல் வைத்து, டேக் கட்டி ஸ்ட்ராங் ரூமுக்குள் வைத்துவிடுவோம். ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. ஒன்று அதிகாரியிடம், ஒன்று என்னிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும், உள்ளே இருப்பதற்கு இரண்டு பேரும் பொறுப்பு. ஆனால் பைக்குள் கிடப்பது தங்கம்தானா என்பதற்கு அப்ரைசரின் கையெழுத்து மட்டும்தான் சாட்சி.

2021 மே மாதம் கொரோனாவில் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் இறந்துபோனார். முந்திரித் தோப்பு வைத்திருந்த விவசாயி. அவர் மனைவி இறப்புச் சான்றிதழோடு வந்தபோது என் கவுண்டரில்தான் உட்கார்ந்து அழுதார். அப்போது வருடம் 330 ரூபாய் பிடித்தம் செய்த பிரதமர் காப்பீட்டில் அவருக்கு 2 லட்சம் வரவேண்டியிருந்தது. அந்தப் படிவத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். நகை ஏதாவது அடகில் இருக்கிறதா என்று கேட்டேன். "எல்லாத்தையும் மாசியிலயே மூட்டுட்டாரும்மா" என்றார்.

அதே வருடம் அக்டோபரில், திருப்பி வைத்த, அதாவது வட்டியைக் கட்டி நகையை மறுபடி அடகில் வைத்த, கணக்குகளின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த விவசாயியின் பெயர் வந்தது. வட்டி கட்டி, நகையைத் திருப்பி வைத்திருக்கிறார். கையெழுத்தும் போட்டிருக்கிறார். ஐந்து மாதத்துக்கு முன்னால் எரித்துவிட்டு வந்த மனுஷன்.

எனக்குக் கை சில்லென்று ஆகிவிட்டது. அடுத்த மூன்று வாரம், சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது ஒவ்வொரு கணக்காகப் பார்த்தேன். 11 கணக்குகள். ஆள் வேறு, ஊர் வேறு, ஆனால் எல்லாவற்றிலும் ஒரே செல்போன் எண். கடன் தொகையைக் கூட்டினால் நான் ஓய்வு பெறும்போது கைக்கு வரப்போகிற பணம் முழுவதையும் விடப் பெரிது. எல்லாப் பையிலும் அந்த ஒரே அப்ரைசரின் கையெழுத்து. அந்தப் பைகள் இருந்த கதவின் ஒரு சாவி என் கைப்பையில்.

வெளியே வந்தால் முதல் கேள்வி என்னிடம்தான் வரும். சாவி உன்னிடம்தானே இருந்தது, நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? பேசாமல் இருந்தால் நானும் கூட்டு. பேசினால், அந்த அப்ரைசரின் மச்சினன் படம் போட்ட ஃப்ளெக்ஸ் இல்லாத தெரு அந்த ஊரில் கிடையாது. நான் தினமும் மாலை ஏழு மணிக்கு அந்த ஊர் பஸ் நிறுத்தத்தில் தனியாக நிற்பவள்.

யாரிடம் சொல்வது என்பதை அன்றிலிருந்து ராத்திரி பகலாக யோசித்தேன்.

முதலில் என் வீட்டுக்காரர். முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர், தங்கமான மனுஷர். ஆனால் அவருக்கு முகத்தில் எதையும் மறைக்க வராது. மகன் வேலையை விட்டதை ஒரு மாதம் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். அவர் சொல்லவில்லைதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் "என்ன சார், பையனுக்கு ஏதாவது பிரச்சினையா" என்று கேட்கிற மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அது போக, அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. நான் பஸ் ஏறுகிற ஒவ்வொரு நாளும் அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சொல்லவில்லை.

அடுத்தது ஊழியர் சங்கம். ஒரு பொறுப்பாளரிடம் முழுதும் சொல்லாமல், "திருப்பி வைத்த கணக்கு ஒன்றில் சந்தேகமாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். பெயரோ எண்ணோ சொல்லவில்லை. மறுநாள் காலை மேனேஜர் என் கவுண்டருக்கு வந்து, "என்ன மேடம், ஆடிட் வேலையெல்லாம் நீங்களே பாக்க ஆரம்பிச்சிட்டீங்களாமே" என்று சிரித்தார். பாதியைச் சொன்னதற்கே ஒரு ராத்திரி தாங்கவில்லை. மீதியை நான் சொல்லாதது கடவுள் புண்ணியம்.

வக்கீலிடம் போகலாம் என்று தம்பி சொன்னான். அவனுக்கும் விஷயம் தெரியாது, பொதுவாகக் கேட்டேன். கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியில் சொல்லக் கூடாது என்று சாட்சியச் சட்டமே கட்டிப்போட்டிருக்கிறது. அப்போது அது 126-வது பிரிவு, இப்போது வந்திருக்கிற புதிய சட்டத்தில் 132. வக்கீலுடைய குமாஸ்தாவுக்கும் அது பொருந்தும். சட்டப்படி பார்த்தால் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. போனேன். நல்லவர்தான். ஆனால் அவர் அறைக்குக் கதவு இல்லை, ஒரு திரைச்சீலைதான். திரைக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் ஆறு பேர். எனக்கு முன்னால் போன ஆளின் பாகப்பிரிவினை வழக்கு முழுவதும் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. பென்ஷன் விஷயமாக ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

வழி ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். வங்கியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். வருடா வருடம் அக்டோபர் கடைசியில், வல்லபபாய் படேல் பிறந்த நாளை ஒட்டி விஜிலென்ஸ் வாரம் வரும். பேனர் கட்டி உறுதிமொழி எடுப்போம். அந்தச் சுற்றறிக்கைகளில் ஒரு மூலையில் பி.ஐ.டி.பி.ஐ. என்று இருக்கும். மத்திய அரசு நிறுவனங்களில் நடக்கிற ஊழலை, தன் பெயர் வெளியில் வராமல், டில்லியில் உள்ள மத்திய விஜிலென்ஸ் கமிஷனுக்கு எழுதலாம் என்கிற 2004 ஏப்ரல் மாதத்துத் தீர்மானம் அது.

அந்தத் தீர்மானம் எப்படி வந்தது என்பதைப் படித்த பிறகு இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. சத்யேந்திர துபே என்று ஒரு இன்ஜினியர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். தங்க நாற்கரச் சாலை வேலையில் நடந்த ஊழலை 2002-ல் பிரதமருக்கே எழுதினார். தன் விவரத்தைத் தனித் தாளில் வைத்து, இதை வெளியில் விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்தக் கடிதம் பெயரோடு மேஜை மேஜையாகப் போயிற்று. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 30. ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ரயிலில் வந்து இறங்கியிருந்தார். நான் அதைப் படித்தபோது என் மகனுக்கும் கிட்டத்தட்ட அந்த வயது. இப்படிப் புகார் சொல்பவர்களைக் காப்பாற்ற 2014-ல் பாராளுமன்றம் ஒரு சட்டமே போட்டது. குடியரசுத் தலைவர் கையெழுத்தும் ஆயிற்று. நடைமுறைக்குத்தான் வரவில்லை. நமக்கு இருப்பது அந்த 2004 தீர்மானம் ஒன்றுதான்.

அதில் மொட்டைக் கடுதாசிக்கு இடம் இல்லை. பெயரும் முகவரியும் உள்ளே இருக்க வேண்டும், உறைமேல் இருக்கக் கூடாது. ஈமெயில் உதவாது. மூடிய உறையில், மேலே பி.ஐ.டி.பி.ஐ. என்று எழுதி, கமிஷனின் செயலாளர் பெயருக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் பெயரை மறைத்துவிட்டு விஷயத்தை மட்டும் விசாரணைக்கு அனுப்புவார்கள். அதனால் கடிதத்தின் வாசகத்தை வைத்து எழுதியது யார் என்று கண்டுபிடிக்க முடியாதபடி எழுத வேண்டும்.

கையால் எழுத முடியாது. 34 வருடம் லெட்ஜரில் எழுதிய கை, யார் பார்த்தாலும் என் எழுத்து என்று சொல்லிவிடுவார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. வங்கிக் கம்ப்யூட்டரைத் தொடவே கூடாது. டைப்பிங் கடைக்குத்தான் போக வேண்டும் என்று ஆனபோதுதான், டில்லிக்குப் போகிற வழியில் எல்லோருக்கும் முன்னால் அந்தக் கடிதத்தைப் படிக்கப் போகிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்பது உறைத்தது.

முதலில் வேறு ஒரு கடைக்குப் போனேன். பெரிய கடை, ஏ.சி., நாலு கம்ப்யூட்டர். எனக்கு முன்னால் ஒரு பெண் கணவன் மேல் புகார் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அங்கே உட்கார்ந்திருந்த பையன் அதை ஒரு வரி விடாமல் சத்தமாகப் படித்துக்கொண்டே அடித்தான். "அடித்துத் துன்புறுத்தி" என்று அவன் வாய்விட்டுச் சொன்னபோது அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். கடையில் இருந்த அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எங்கள் தெருத் தண்ணீர்க் குழாய்க்கு ஒரு மனு அடித்து வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அப்புறம்தான் இந்தக் கடை. நேராகக் கடிதத்தைக் கொண்டுபோகவில்லை. மூன்று தடவை சும்மா சின்னச் சின்ன வேலையோடு போய் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு தடவை ரேஷன் கார்டு முகவரி மாற்றம், ஒரு தடவை ஜெராக்ஸ், ஒரு தடவை தங்கச்சிக்கு ஒரு விண்ணப்பம்.

பார்த்ததைச் சொல்கிறேன். அக்கா யாரையும் வாயால் சொல்லச் சொல்வதில்லை. "தாள்ல எழுதிக் கொடுங்க, சொல்ல வேணாம்" என்பார். எழுதத் தெரியாத ஒரு பாட்டி வந்தபோது மட்டும், காத்திருந்த எங்களை "ஒரு அஞ்சு நிமிஷம் வெளியில நில்லுங்க" என்று எழுப்பிவிட்டுவிட்டு, பாட்டியின் வாய்ப்பக்கம் காதைக் கொண்டுபோய்க் கேட்டு அடித்தார். வெயிலில் நின்ற ஒருவர் முணுமுணுத்தார். அக்கா கண்டுகொள்ளவில்லை. தப்பாக வந்த பிரிண்டை மற்ற கடைகளில் திருப்பிப் போட்டுக் கணக்கு எழுத வைத்துக்கொள்வார்கள். அடுத்தவர் ஆதார் ஜெராக்ஸின் முதுகில் எனக்கே ஒரு தடவை பில் எழுதித் தந்திருக்கிறார்கள். இவர் அதை நாலாகக் கிழிப்பதில்லை, நீள நீளமாக, நூல் மாதிரி கிழிக்கிறார். கிழித்ததை வந்தவர் கையிலேயே கொடுத்துவிடுகிறார். எழுதிக் கொண்டுவந்த தாளும் அப்படியே திரும்பி வந்துவிடும். வேலை முடிந்ததும் திரையை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி, ஃபைலை அழித்து, குப்பைத்தொட்டிப் படத்தையும் திறந்து காலி செய்து காட்டுகிறார். யாரும் கேட்காமலே.

மூன்றாவது தடவை கேட்டுவிட்டேன், இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று.

அவருடைய அப்பா கோர்ட் வாசலில் வேப்பமரத்தடியில் ரெமிங்டன் மெஷின் வைத்து ஜாப் டைப்பிங் செய்தவராம். அந்தக் காலத்தில் நாலு காப்பி வேண்டுமென்றால் நடுவில் மூன்று கார்பன். "புதுக் கார்பன்ல ஒரு தடவை அடிச்சா, அத வெளிச்சத்துல பிடிச்சா லெட்டர் முழுசும் படிக்கலாம் மேடம். ஒவ்வொரு எழுத்தும் வெள்ளையாத் தெரியும். கேஸ்ல எதிர்த்தரப்பு ஆளு வந்து அப்பாகிட்ட பழைய கார்பனுக்குக் காசு கொடுப்பேன்னு கேட்டிருக்கான். அன்னையிலேர்ந்து தினமும் சாயங்காலம் கார்பனை எண்ணி, மரத்தடியிலயே எரிச்சிட்டுத்தான் சைக்கிள எடுப்பாரு. நான் பள்ளிக்கூடம் விட்டு அங்கதான் போவேன். எரிக்கிறது என் வேலை. கையெல்லாம் நீலமா இருக்கும், எங்கம்மா தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவும்." இதைச் சொல்லும்போது அவர் விரல்கள் கீபோர்டில் வேறு யாருடைய மனுவையோ அடித்துக்கொண்டிருந்தன.

வக்கீலைச் சட்டம் கட்டியிருக்கிறது, டாக்டருக்கு விதிமுறை இருக்கிறது. இந்த அக்காவை ஒன்றும் கட்டவில்லை. அவரே தன்னைக் கட்டிக்கொண்டிருந்தார், அதுவும் யாரும் பார்க்காத சாயங்கால நேரத்துப் பழக்கத்தால். இவரிடம் கொடுக்கலாம் என்று அந்த ஸ்டூலில் வைத்துத்தான் முடிவு செய்தேன்.

மறுநாள் சனிக்கிழமை, இரண்டாவது சனி, வங்கி லீவு. மதியம் மூன்று மணிக்குப் போனேன். கடிதம் ஆங்கிலத்தில், நாலு பக்கம் கிறுக்கி வைத்திருந்தேன். அக்கா ஷட்டரைப் பாதி இறக்கினார். முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவை படித்தார். படிக்கும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமே மாறவில்லை. எந்த பேங்க், யார் அந்த ஆள், எவ்வளவு பணம், ஒரு கேள்வி இல்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியில் மட்டும் பேனா முனையை வைத்தார்.

"மேடம், 'நான் சாவி வைத்திருப்பதால் எனக்குத் தெரியும்'னு எழுதியிருக்கீங்க. இத ஒரு ஆள் படிச்சா எழுதினது யாருன்னு தெரிஞ்சிடுமா?"

எனக்கு வியர்த்துவிட்டது. வாரக்கணக்கில் திருத்தித் திருத்தி எழுதிய கடிதம் அது. இரண்டே பேரிடம் இருக்கிற சாவியைப் பற்றி நானே எழுதி வைத்திருக்கிறேன். அந்த வரியை எடுத்துவிட்டோம். இன்னொரு இடத்தில், அந்த விதவை என் கவுண்டரில் அழுததை எழுதியிருந்தேன். அதையும் எடுக்கச் சொன்னார். எடுக்க எனக்கு மனசு வரவில்லை. "அந்தம்மா அழுதது உங்களுக்குத் தெரிஞ்சா போதும் மேடம், டில்லிக்குத் தெரிய வேணாம்" என்றார். இறப்புத் தேதியும் திருப்பி வைத்த தேதியும் மட்டும் மிஞ்சின. நாலு பக்கம் இரண்டாகச் சுருங்கிற்று.

கடைசியில் பெயர், முகவரி வரவேண்டிய இடம். அங்கே வந்ததும் கையை எடுத்துவிட்டார். "இத நீங்களே கையால எழுதிக்கோங்க. என் மெஷின்ல உங்க பேரு ஏற வேணாம்." ஜிபே பண்ண போனை எடுத்தேன். அதற்கும் தலையை ஆட்டினார். "இதுக்குக் காசாக் கொடுங்க." எழுபது ரூபாய். ஃபைலை அழித்தார், தொட்டியைக் காலி செய்தார், நாலு பக்கக் கிறுக்கலை என் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து விறகடுப்பில் போட்டேன்.

கடலூரில் தபாலில் சேர்க்கவில்லை. பஸ் ஏறிப் புதுச்சேரி போய் ரங்கப்பிள்ளை வீதித் தலைமைத் தபால் நிலையத்தில் கொடுத்தேன், முத்திரையில் கடலூர் என்று விழக் கூடாது என்பதற்காக. இந்த வகைக் கடிதத்துக்கு அனுப்புநர் விவரம் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று தபால் துறை தன் அலுவலகங்களுக்குச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் கவுண்டர் தம்பி "ஃப்ரம் அட்ரஸ் எங்கம்மா" என்று கேட்டபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. உறைமேல் இருந்த எழுத்தைக் காட்டினேன். உள்ளே போய் யாரிடமோ கேட்டு வந்து, ஒன்றும் சொல்லாமல் ரசீது கொடுத்தார்.

சில வாரம் கழித்து, இது நீங்கள் எழுதியதுதானா, இதே புகாரை வேறு எங்கும் கொடுக்கவில்லையா என்று உறுதி கேட்டு வீட்டுக்குக் கடிதம் வந்தது. சங்கத்தில் பாதியோடு நிறுத்தியது அப்போதுதான் எவ்வளவு நல்லது என்று பட்டது. வீட்டுக்காரரிடம் பென்ஷன் பேப்பர் என்று பொய் சொன்னேன். அதன்பின் டில்லியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. திரும்பக் கேட்டு எழுதவும் கூடாது. அந்த மாதங்களை எப்படிக் கழித்தேன் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. பின்னால் ஒரு பைக் மெதுவாக வந்தால் நின்று அதை முன்னால் போகவிட்டுத்தான் நடப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை வேறு மண்டலத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள். கூடவே வெளியூர் அப்ரைசர் ஒருவர். கதவைத் திறக்கச் சொன்னார்கள். நானும் என் சாவியைப் போட்டுத் திறந்தேன். இரண்டு நாள் ஒவ்வொரு பையாக உரசினார்கள். யார் எழுதியது என்று கிளை முழுவதும் பேச்சு. ஓய்வு பெற்றுப் போன ஒரு அதிகாரி மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். என்னை யாரும் நினைக்கவே இல்லை.

இந்தக் கடையை நான் ஏன் இப்படிப் புகழ்கிறேன் என்பதற்கு ஒரு சம்பவம் இருக்கிறது. விசாரணை நடந்துகொண்டிருந்த சமயம், லைஃப் சர்டிஃபிகேட் ஜெராக்ஸ் எடுக்க அம்மாவின் பேப்பரோடு கடைக்குப் போனேன். ஸ்டூலில் அந்த அப்ரைசர் உட்கார்ந்திருந்தார். வங்கி அனுப்பிய நோட்டீசுக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, குனிந்து உள்ளே பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அவர் என்னைப் பார்த்து, "வாங்க மேடம்" என்றார், சாதாரணமாக. அக்கா நிமிர்ந்து, என்னை முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி, "வெளியில ஒரு பத்து நிமிஷம் நில்லுங்க, இவரு முடிச்சிடட்டும்" என்றார். குரலில் ஒரு இழை ஏற இறங்கவில்லை.

வெளியே வெயிலில் நின்றேன். அக்கா இரண்டு கடிதத்தையும் படித்தவர். என் கடிதத்தில் இருந்த கணக்கு எண்களும் அப்ரைசருடைய பதிலில் இருந்த எண்களும் ஒன்றுதான். ஒரு வார்த்தை போதும், அந்த ஆளிடம் நல்ல காசு வாங்கியிருக்கலாம். அப்ரைசர் வெளியே வந்தார். கையில் உறை, இன்னொரு கையில் நீள நீளமாகக் கிழித்த காகிதம்.

அவனுக்கும் அடித்துக் கொடுக்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஜெராக்ஸ் எடுக்காமலே வீட்டுக்குப் போய்விட்டேன். ஒரு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு ஒரு நாள், அந்தக் காகிதம் கிழிந்திருந்த விதம் ஞாபகம் வந்தது. என்னுடையதைக் கிழித்த அதே மாதிரி. அவனுடையதை அவர் எனக்குச் சொல்கிற ஆளாக இருந்திருந்தால், என்னுடையது அவனுக்குப் போயிருக்கும். மறுபடியும் போனேன். இன்றுவரை அந்த நாளைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். வேலை மெதுவாகத்தான் நடக்கும். அவசரம் என்றால் இங்கே போகாதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாள் என்பதால் அன்று கடைப்பக்கம் தலைகாட்டவே முடியாது. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை பூட்டு. கரண்ட் போனால் யு.பி.எஸ். பத்து நிமிஷம்கூடத் தாங்காது. வாட்ஸ்அப்பில் அனுப்பி பிரிண்ட் எடுக்கிற வசதி இல்லை. அவர் நம்பரே தர மாட்டார். "நாலு பேரு ஆதாரு என் போன்ல எதுக்கு" என்பார். பென் டிரைவில்தான் கொண்டுபோக வேண்டும், இளவட்டங்களுக்கு இது எரிச்சலாக இருக்கிறது. தமிழ் பிழையில்லாமல் அடிப்பார். ஆங்கிலத்தில் எழுத்துப்பிழை வரும், என் கடிதத்தில் 'அப்ரைசர்' என்ற சொல்லையே இரண்டு இடத்தில் தப்பாக அடித்திருந்தார். நாமே ஒரு தடவை படித்துப் பார்த்துவிட வேண்டும். சட்ட யோசனை கேட்டால் சொல்ல மாட்டார், அதற்கு வக்கீலைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுவார். பக்கத்துக்கு 30 ரூபாய், பிரிண்டுக்கு 5, ஜெராக்ஸ் 2. முதியோர் உதவித்தொகை மனுவுக்குக் காசு வாங்குவதில்லை.

ஓய்வு பெற்ற அன்று ராத்திரிதான் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்த டைப்பிங் பொண்ணுக்குச் சொன்ன, எனக்குச் சொல்லல" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இப்போதும் எப்போதாவது அதைச் சொல்லிக் காட்டுவார். ஆனால் போன வாரம் எங்கள் இரண்டு பேர் உயிலையும் அடிக்க வேண்டும் என்றபோது, அந்தக் கடைக்கே போகலாம் என்று சொன்னது அவர்தான்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார், நான் பக்கத்தில் நின்றேன். அக்கா ஷட்டரைப் பாதி இறக்கினார். நாலு பக்கம், பிரிண்டோடு நூற்று நாற்பது ரூபாய். எல்லாம் முடிந்ததும் திரையை எங்கள் பக்கம் திருப்பி, மௌஸை என் வீட்டுக்காரர் கைப்பக்கம் தள்ளினார்.

"நீங்களே அழிச்சிடுங்க சார்."